சுவரோரத்துப் படுக்கை

அந்த ஹாலில் வரிசை வரிசையாகத் தூளி கட்டியிருந்தார்கள். பிள்ளையைப் போடுகிற தூளி இல்லை, ஆள் படுக்கிற தூளி. இந்தப் பக்கம் ஒரு மரச்சட்டம், அந்தப் பக்கம் ஒரு மரச்சட்டம், நடுவில் முரட்டுத் துணி. ஒரு தூளிக்கும் அடுத்த தூளிக்கும் இடையே ஒருக்களித்துத்தான் நடக்க முடியும்.

"அத்தா, இதுல படுத்துப் பாக்கலாமாம். போர்டுல போட்டிருக்குது. படுங்க, நான் போட்டோ எடுக்கறேன்" என்றாள் என் மகள் ஷமீமா.

வேறு யாராக இருந்தாலும் கைக்குக் கிடைத்த முதல் தூளியில் ஏறியிருப்பார்கள். என் வீட்டுக்காரர் ஏறவில்லை. கதவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். வயிற்றை எக்கிக்கொண்டு வரிசைக்கு நடுவே நடந்து கடைசி மூலைக்குப் போனார். அங்கே சுவரைக் கையால் தடவிப் பார்த்தார்.

"இதுதான் நல்ல எடம்" என்றார்.

"எல்லாம் ஒண்ணுதானே அத்தா?"

"எப்பிடி ஒண்ணாவும்? கதவாண்ட படுத்தா டியூட்டி முடிஞ்சு வர்றவன் ஒவ்வொருத்தனும் கால இடிச்சிட்டுப் போவான். நடுவுல படுத்தா ரெண்டு பக்கமும் கொறட்டை. செவுத்தோரம்னா ஒரு பக்கம்தான்."

ஷூவைக் கழற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, தலைமாட்டுக்கு நேர் கீழே தள்ளினார். ஏறிப் படுத்தார். அறுபது தாண்டிய மனிதர், முட்டி வலிக்காரர், ஒரு ஆட்டம்கூட ஆடாமல் ஏறிவிட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு அவருடைய ஒரு கை மட்டும் முதுகுப் பக்கம் வந்தது. தலைமாட்டில் எதையோ பிடித்தது. கால்மாடு வரைக்கும் இழுத்துக்கொண்டே போனது. பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை, வெறும் காற்றுதான். இல்லாத ஒரு திரையை இழுத்து மூடிவிட்டு, அடுத்த நிமிஷமே அவர் தூங்கிப் போனார்.

கப்பலில் வந்தவர்கள்

விமானத்தில் ரசம் கேட்டு நான் மானத்தை வாங்கிய கதையைப் போன வாரம் படித்துவிட்டு, "சிட்னியில் ஊர் சுற்றிப் பார்த்ததை எழுதவே மாட்டீர்களா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பாலம் பார்த்தோம், கடல் பார்த்தோம். எங்கள் மரக்காணத்துக் கடல் அதைவிடக் கொஞ்சம் கோபக்காரக் கடல், அவ்வளவுதான் வித்தியாசம். எழுதுவதற்கு எனக்கு இந்த ஒரு ஹால்தான் இருக்கிறது.

ஷமீமாவுக்குச் சிட்னியில் வேலை. எங்களுக்கு டிக்கெட் போட்டவளும் அவள்தான். மருமகன் ஆபீஸ் போன ஒரு நாள், "வெயில் ஜாஸ்தியா இருக்குது, உள்ள சுத்தற மாதிரி ஒரு மியூசியம் போலாம்" என்று கூட்டிக்கொண்டு போனாள். அந்த வெயிலை வெயில் என்று அவள் சொன்னதற்கே அவள் அத்தா சிரித்தார். உப்பளத்துக்குப் பக்கத்தில் பிறந்தவள் பேசுகிற பேச்சா அது?

செங்கல்லில் கட்டிய மூன்று மாடிக் கட்டடம். இங்கிலாந்தில் குற்றம் செய்தவர்களைக் கப்பலில் ஏற்றி, மாசக்கணக்கில் கடலில் வைத்து, இங்கே கொண்டுவந்து இறக்கினார்களாம். பகலெல்லாம் ஊரைக் கட்டுகிற வேலை. பொழுது சாய்ந்தால் இந்தத் தூளி.

கீழ் மாடியில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் அழுக்குத் துணித் துண்டுகள். அந்தக் காலத்து எலிகள் கூடு கட்டுவதற்காகத் தரைப் பலகைக்கு அடியில் இழுத்துக்கொண்டு போய் வைத்தவையாம். கைதிகள் போய், காலம் போய், துணி மட்டும் பத்திரமாக இருந்திருக்கிறது. நம் வீட்டில் எலி துணியை இழுத்தால் பொறி வைப்போம். இவர்கள் கண்ணாடிப் பெட்டி வைத்திருக்கிறார்கள்.

ஷமீமா ஒவ்வொரு போர்டையும் எங்களுக்குத் தமிழில் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். "கைக்குட்டை திருடினவனுக்குக்கூட ஏழு வருஷமாம்மா. கப்பல்ல ஏத்திடுவாங்களாம்."

"அடப்பாவிங்களா" என்றேன். அவள் அத்தா மாடிப்படியைப் பார்த்து நடந்தார். படியேறும்போதே அவர் பேச்சு குறைந்துவிட்டதை நான்தான் கவனிக்கவில்லை.

இப்போது அவர் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தார். யூனிபார்ம் போட்ட ஒரு அம்மாள் எங்களை நோக்கி வந்தார். ஷமீமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எழுப்பப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர்கள் இங்கிலீஷில் என்னவோ பேசிக்கொண்டார்கள். "நிறையப் பேர் படுத்துப் பாப்பாங்களாம்மா. இத்தன வருஷத்துல யாரும் நெஜமா தூங்கினதில்லையாம்" என்றாள் ஷமீமா. அந்த அம்மாள் உதட்டில் விரல் வைத்துச் சிரித்துவிட்டு, அடுத்து வந்த கூட்டத்தை அந்தப் பக்க வரிசைக்குத் திருப்பிவிட்டார். எந்த ஊராக இருந்தாலும் நல்ல மனுஷி நல்ல மனுஷிதான்.

நான் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

ஏசி ரூம்

என் வீட்டுக்காரர் வளைகுடாவில் இருந்தது இருபத்திரெண்டு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் இரண்டு மாசம் வருவார். அந்த இரண்டு மாசத்தில் பாதி நாள் விருந்தாளி மாதிரி இருப்பார், மீதி நாள் கிளம்பப் போகிறவர் மாதிரி இருப்பார்.

ஆரம்பத்தில் வீட்டில் போன் கிடையாது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்டிடி பூத்துக்கு அவர் கூப்பிடுவார். மடியில் ஷமீமாவைப் போட்டுக்கொண்டு அங்கே போய்க் காத்திருப்பேன். உப்பு லாரி ஒன்று போனால் ஒரு வாக்கியம் காதில் விழாது. இரண்டு லாரி போனால் அந்த வாரப் பேச்சே போச்சு.

"ரூம் எப்பிடிங்க இருக்குது?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பேன்.

"ஏசி ரூம்மா."

"ஜன்னல் இருக்குதா?"

"ஏசி ரூமுக்கு எதுக்கு ஜன்னல்?"

அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது. ஒரு தடவை போட்டோ அனுப்பினார். சிவப்பு சோபா, அதன் மேல் கால் மேல் கால் போட்டு இவர், பின்னால் கண்ணாடி ஜாடியில் மஞ்சள் பிளாஸ்டிக் பூ. அதை பிரேம் போட்டு மாட்டினேன். வருகிறவர்களிடமெல்லாம் "அவரோட ரூமு" என்று காட்டினேன்.

அதற்கப்புறம் கிளியனூரில் ஒரு நிக்காஹ்வுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுக் கூடத்தில் அதே சிவப்பு சோபா. அதே மஞ்சள் பூ. உட்கார்ந்திருந்த ஆள் மட்டும் வேறு. "எங்க மாமாவோட ரூமு" என்று அந்த வீட்டுப் பெண் பெருமையாகச் சொன்னாள். நானும் "நல்லா இருக்குதும்மா" என்றேன். அந்த ஒரு சோபா எத்தனை ஊர்ப் பெண்களைச் சமாதானப்படுத்தியதோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து போட்டோவைக் கழற்றவில்லை. அவரிடம் கேட்கவும் இல்லை. ஆனால் அன்றையிலிருந்து ஒரே ஒரு கேள்விதான் என்னைத் தின்றது. இந்த மனிதர் எங்கே படுக்கிறார்? தலையணை உண்டா? பக்கத்தில் யார்? காய்ச்சல் வந்தால் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார்? பணம் வந்தது, சாமான் வந்தது, சென்ட் பாட்டில் வந்தது. அவர் படுத்த இடம் மட்டும் எனக்கு வந்து சேரவே இல்லை.

அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்து ஆறு வருஷம் ஆகிறது. தேக்கில் பெரிய கட்டில் செய்து வைத்திருந்தேன். மூன்று பேர் படுக்கலாம். இவர் அதில் சுவரோரமாக, ஒரு முழ இடத்தில், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ஆறு வருஷமும் அப்படித்தான். கிழவியாகிவிட்டேன், என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். வாய் விட்டுக் கேட்க ரோஷம் விடவில்லை.

பூனம் புடவை

இந்த இடத்தில் என் நாத்தனார் ரஹ்மத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

கல்யாணமான புதிதில், பெருநாளைக்கு என்று பாண்டிச்சேரிக்குக் கூட்டிப் போய் அவர் எனக்கு ஒரு பூனம் புடவை எடுத்துக் கொடுத்தார். ரோஸ் நிறம், வெள்ளையில் சின்னச் சின்னப் பூ. விலை உயர்ந்தது இல்லை. ஆனால் ஷமீமாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது அதைத்தான் கட்டியிருந்தேன். அவர் ஊரில் இல்லாத நாட்களில் ரொம்பத் தாங்க முடியாமல் போனால் அதைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன்.

ஒரு விடுமுறை முடிந்து அவர் விமானம் ஏறிய மறுநாள் பீரோவைத் திறந்தால் புடவையைக் காணோம். அண்ணனை வழியனுப்பக் கோட்டக்குப்பத்திலிருந்து வந்து ஒரு வாரம் தங்கிவிட்டுப் போயிருந்தாள் ரஹ்மத்து. "இது எனக்கு நல்லா இருக்கும் அண்ணி" என்று அந்தப் புடவையைத் தோளில் போட்டு அவள் கண்ணாடி பார்த்ததை நானே பார்த்திருக்கிறேன். போதாதா?

ஒரு கல்யாண வீட்டில், நாலு பேர் நடுவில் வைத்து, "எடுத்தவங்க சொல்லிட்டாவது எடுத்திருக்கலாம்" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அதோடு விடவில்லை. திருடி என்ற வார்த்தையும் என் வாயிலிருந்து வந்தது. அவள் பதில் பேசவில்லை. சாப்பிடாமல் எழுந்து போனாள். பதில் பேசாததையே நான் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். அப்புறம் எத்தனையோ வருஷம் நல்லது கெட்டதில் பார்த்தால் இரண்டு வார்த்தையோடு சரி.

கைக்குட்டைக்கு ஏழு வருஷம்

கால் மணி நேரம் இருக்கும். அவர் கண் விழித்தார். எங்கே இருக்கிறோம் என்று ஒரு கணம் தெரியாமல் முழித்தார். என்னைப் பார்த்ததும், "நீ எப்பிடி இங்க வந்த?" என்றார்.

அந்தக் கேள்வி என்னை என்ன செய்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. இருபத்திரெண்டு வருஷமாக நான் வர ஆசைப்பட்ட இடத்தில் வைத்து அவர் அதைக் கேட்டார்.

"நீங்க தூங்கறதுக்கு முன்னாடி கையால என்னமோ இழுத்தீங்களே, என்னாங்க அது?"

"நானா?" என்று தன் கையைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "பழக்கம். தெரை."

"என்ன தெரை அத்தா?" என்றாள் ஷமீமா.

தூளியில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவர் சொன்னார். அவசரமே இல்லாமல், கடைக்குப் போய் வந்த கதை மாதிரி சொன்னார்.

"ஒரு ரூமுல பன்னெண்டு பேரு. கட்டில் மேல கட்டில். பெட் ஸ்பேஸ்னு சொல்லுவோம். படுக்கற எடம்தான் நம்மளுது, மத்ததெல்லாம் பொது. பகல் டியூட்டிக்காரன் தூங்குவான், நைட் டியூட்டிக்காரன் லைட்டு போட்டு சமைப்பான். அதனால ஒவ்வொருத்தனும் அவன் கட்டிலச் சுத்தித் தெரை கட்டிக்குவான். அந்தத் தெரைக்கு உள்ளதான் நம்ம வூடு."

"கடைல தெரைத் துணி கெடைக்காதா?"

"கெடைக்கும். யாரும் வாங்க மாட்டாங்க. எல்லாரும் ஊருலேர்ந்து பொடவைதான் கொண்டாருவாங்க. வூட்டுப் பொடவை. மலையாளத்து ஆளுங்க, ஆந்திரா ஆளுங்க, நம்ம ஆளுங்க, எல்லாரும் அப்பிடித்தான். ரூமுக்குள்ள வந்தா கலர் கலரா தொங்கும். அடுத்தவன் பொடவைய யாரும் கையால தொட மாட்டான். அது ஒரு மரியாத."

நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன்.

"எந்தப் பொடவைங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ரோஸ் கலரு. வெள்ளப் பூ போட்டது. மெல்லிசு. ரெண்டா மடிச்சுக் கட்டினா லைட்டு உள்ள வராது."

"எங்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?"

"எதுக்குன்னு கேட்டிருப்ப இல்ல?"

ஷமீமா போனைக் கீழே இறக்கிவிட்டிருந்தாள். அவள் எடுக்க வந்த போட்டோவை எடுக்கவே இல்லை.

"அப்பறம் அது என்னாச்சு?"

"வெயிலு இல்ல, தண்ணி இல்ல, ஆனா டியூப் லைட்டு பட்டே வெளுத்துப் போச்சு. வெளிப்பக்கம் வெள்ளையா ஆயிடுச்சு. உள்பக்கம் மட்டும் கடைசி வரைக்கும் ரோஸு. விசா கேன்சல் பண்ணிட்டு வரப்ப அவுத்தேன். கையிலயே கிழிஞ்சிடுச்சு."

என் புடவையை எந்த எலியும் இழுத்துக்கொண்டு போய்ப் பத்திரமாக வைக்கவில்லை.

நான் அழப் போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஷூவைக் குனிந்து எடுத்துக்கொண்டே, "கைக்குட்ட திருடினவனுக்கே ஏழு வருஷம்னு இவ படிச்சா இல்ல?" என்றார். "நான் திருடினது முழுப் பொடவை. இருபத்திரெண்டு வருஷம் சரியாத்தான் போட்டிருக்கான்."

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

இறால் கை

ஊர் திரும்பி ஜெட்லாக் தெளிந்த மூன்றாம் நாள் கோட்டக்குப்பத்துக்குப் பஸ் ஏறினேன். ரஹ்மத்து முற்றத்தில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை உதறிவிட்டு, "வாங்க அண்ணி" என்றாள். வழக்கம் போல அந்த இரண்டு வார்த்தைதான்.

"ரஹ்மத்து, அந்த ரோஸ் பொடவை..."

அவள் அடுத்த இறாலை எடுத்தாள். "அண்ணன் சொல்லிடுச்சா?"

"ஒனக்குத் தெரியுமா?"

"மடிச்சுப் பெட்டியில வச்சதே நான்தான அண்ணி. தோள்ல போட்டு அளந்து பாத்து, இது நீளம் பத்தும்னு சொன்னதும் நான்தான்."

நான் நின்றபடியே இருந்தேன். "நான் உன்ன நாலு பேரு முன்னாடி அப்பிடிப் பேசினேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"என்னான்னு சொல்றது? தெரை கட்ட எடுத்துட்டுப் போச்சுன்னு சொல்லணும். ஏசி ரூமுல தெரை எதுக்கு, கதவு இல்லியான்னு நீங்க கேப்பீங்க. ஒரு ரூமுல எத்தன பேருன்னு கேப்பீங்க. கைப்புள்ளய வச்சிக்கிட்டு நீங்க தூங்க மாட்டீங்கன்னு அண்ணன் எங்கிட்ட சத்தியம் வாங்கிடுச்சு." ஒரு இறாலின் நரம்பை உருவி எறிந்தாள். "எனக்கு மட்டும் எப்பிடித் தெரியும்ங்கிறீங்க? எம் பொடவை மூணு போயிருக்குது. ஒண்ணு ஷார்ஜா, ரெண்டு தம்மாம். எங்க வூட்டுக்காரரு கேட்டுட்டு எடுத்துட்டுப் போனாரு. கேட்ட நாள்லேர்ந்து எனக்குத் தூக்கம் போச்சு."

"திருடின்னு சொன்னேன், ரஹ்மத்து."

"சொன்னீங்க. எனக்கும் கோவம்தான். இல்லாம இருக்குமா? அன்னிக்குப் பிரியாணிகூடத் துன்னாம வந்தேன்." இறால் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இன்னிக்கு இருந்து சாப்புட்டுட்டுப் போங்க."

நான் அழுதேன். அவள் அழவில்லை. கையில் இறால் நாற்றம் என்பதால் என் கண்ணைத் துடைக்கவும் இல்லை. தோளால் என் தோளை ஒரு இடி இடித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

உப்பு வெளிச்சம்

இதை எழுதுகிற இப்போது சித்திரை. எங்கள் வீட்டுப் படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் நேராக உப்பளம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், அதன் ஓரத்தில் வாரிக் குவித்த உப்பு. நடுப்பகலில் அந்தப் பக்கம் பார்க்கவே முடியாது. வெயில் உப்பில் பட்டு வீட்டுக்குள் வந்து, கூரை வரைக்கும் வெள்ளையாக அடிக்கும்.

லுஹர் தொழுதுவிட்டு அவர் கொஞ்ச நேரம் படுப்பார். நேற்றும் படுத்தார். அந்தப் பெரிய கட்டிலில், சுவரோரம், ஒரு முழ இடம். முதுகு மேலெல்லாம் உப்பு வெளிச்சம். பாதித் தூக்கத்தில் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, "சேட்டா, அந்த லைட்டக் கொஞ்சம் ஆஃப் பண்ணேன்" என்று முனகினார். ஆறு வருஷத்துக்கு முன்னால் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த யாரோ ஒரு மலையாளத்துக்காரரிடம் சொல்கிறார்.

எனக்கு அந்த இருபத்திரெண்டு வருஷமும் திரும்ப வேண்டும். யாரிடம் போய்க் கேட்பது?

பீரோவைத் திறந்தேன். ரோஸில் எதுவும் இல்லை. இருந்ததில் மெல்லிசான ஒரு பச்சைப் புடவையை எடுத்து இரண்டாக மடித்தேன். கொசு வலைக் கம்பியில், தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை முடிச்சுப் போட்டுக் கட்டினேன். வெளிச்சம் பச்சையாகிப் பாதியாகக் குறைந்தது. புடவையை விலக்கி உள்ளே போய், அதன் ஓரத்தைக் கையில் பிடித்தபடி நானும் அவர் பக்கத்தில் படுத்தேன்.

அவருடைய கை, அந்தத் தூளியில் வந்த மாதிரியே, பின்னால் வந்து தேடியது. இந்தத் தடவை துணி அகப்பட்டது. விரலால் அதை நிமிண்டிப் பார்த்தார். பிறகு கை இன்னும் கொஞ்சம் நகர்ந்து என் மணிக்கட்டில் நின்றது.

"லைட்ட யாரு ஆஃப் பண்ணது?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"லைட்டு இல்லீங்க, உப்பு. நான்தான் தெரை கட்டியிருக்கேன்."

பிறகு, கட்டில் கிரீச்சென்று சத்தம் போட, சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார்.